குறி பார்க்கக் கற்ற வாஞ்சி

ஆனி மாதம் பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கம் காற்றே மாறிவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குளிர்ந்த மேல்காற்று வீசும். வெயில் அடிக்கும்போதே பூப்போலச் சாரல் விழும். குற்றாலத்து அருவிகளில் தண்ணீர் கொட்டத் தொடங்கும். நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் குளிக்க வந்து கூடுவார்கள்.

1911-ஆம் ஆண்டும் ஆனி பிறந்தது. ஆனால் குற்றாலத்துக்குப் பக்கத்து ஊரான செங்கோட்டையில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் அந்த நாளில் ஊரில் இல்லை. ஜூன் 17-ந் தேதி, சனிக்கிழமை காலையில், அவர் மணியாச்சி ரெயில் சந்திப்பில் நின்றுகொண்டிருந்தார். சாரலும் இல்லை, மரநிழலும் இல்லாத பொட்டல் அது. அவருடைய உடைக்குள் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது.

அவர்தான் வாஞ்சிநாதன். அப்போது வயது 25.

வனத்துறை உத்தியோகம்

வாஞ்சிநாதன் 1886-ல் செங்கோட்டையில் பிறந்தார். தகப்பனார் ரகுபதி ஐயர். தாயார் ருக்மணி அம்மாள். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். வாஞ்சி என்பது அழைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

இப்போது செங்கோட்டை தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. தமிழ் பேசும் அந்த ஊர் 1956-ல்தான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆகவே செங்கோட்டைப் பையன்கள் மேல்படிப்புக்குத் திருவனந்தபுரம் போவது வழக்கம். வாஞ்சியும் அங்கே மகாராஜா கல்லூரியில் படித்தார். படிக்கும் காலத்திலேயே பொன்னம்மாள் என்ற பெண்ணை அவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள்.

படிப்பு முடிந்ததும் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை கிடைத்தது. வேலை பார்த்த இடம் புனலூர். மலையைக் குடைந்தும் பாலம் கட்டியும் போட்ட புது ரெயில் பாதை செங்கோட்டையையும் புனலூரையும் சேர்த்து வைத்திருந்தது. நினைத்தால் ஊருக்கு வந்து போகலாம். சர்க்கார் சம்பளம், இளம் மனைவி, கூப்பிடு தூரத்தில் சொந்த வீடு. ஒரு நடுத்தரக் குடும்பம் இதற்கு மேல் என்ன கேட்கும்?

அந்தப் பையன் துப்பாக்கி எடுப்பான் என்று அவன் வீட்டில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

தூத்துக்குடியில் மூண்ட தீ

1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியர் கப்பல் கொழும்புக்கு ஓடியது. ஜில்லா முழுவதும் ஒரே பேச்சு அதுதான். 1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கலவரம் மூண்டது. போலீஸ் சுட்டதில் திருநெல்வேலியில் நான்கு பேர் மாண்டார்கள். அப்போது தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்தவர் ராபர்ட் ஆஷ் என்ற துரை. அயர்லாந்துக்காரர். சுதேசிக் கம்பெனியை நசுக்க முனைந்து நின்றவர் என்று ஜனங்கள் அவரைப்பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

சிதம்பரம் பிள்ளைக்கு 40 ஆண்டு என்று தீர்ப்பு வந்தது. அப்பீலில் அது குறைந்தது என்றாலும், கப்பல் கம்பெனி நொடித்துப் போனது. அவர் சிறையில் செக்கிழுத்தார் என்ற செய்தி ஊர் ஊராகப் பரவியது. 1910-ல் ஆஷ் துரை திருநெல்வேலி ஜில்லாவுக்கே கலெக்டராக வந்து உட்கார்ந்தார்.

அதே 1910-ல் நீலகண்ட பிரம்மச்சாரி என்ற இளைஞர் தென்காசிக்கு வந்தார். சீர்காழிக்குப் பக்கத்து எருக்கூர்க்காரர். வயது இருபதுதான். ஊர் ஊராகப் போய் ரகசியமாக ஆள் சேர்த்தவர். அப்போதெல்லாம் தென்காசிக் கோயிலின் ராஜகோபுரம் இடி விழுந்து சிதைந்து, மொட்டையாக நின்றது. இன்று பார்க்கும் உயர்ந்த கோபுரம் கட்டி முடிந்து கும்பாபிஷேகம் ஆனது 1990-ல். அந்த மொட்டைக் கோபுரத்து ஊரில், ஒரு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இளைஞர்கள் கூடினார்கள். காளி படத்தை வைத்துப் பூசை செய்தார்கள். குங்குமம் கரைத்த நீரைக் குடித்தார்கள். கட்டைவிரலைக் கீறி, ரத்தத்தால் காகிதத்தில் அடையாளம் வைத்தார்கள். பாரத மாதா சங்கம் என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர்.

வாஞ்சியின் மைத்துனர் சங்கர கிருஷ்ணன் அதில் இருந்தார். அவர் மூலமாக வாஞ்சியும் சேர்ந்தார்.

புதுச்சேரியில் ஓர் ஆசிரியர்

சபதம் எடுப்பது ஒரு நாள் வேலை. துப்பாக்கி பிடிப்பது அப்படியல்ல. வெள்ளைக்காரச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது. சுட்டுப் பழக எங்கே போவது? அதற்கு ஓர் இடம் இருந்தது. புதுச்சேரி. அது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. சென்னைப் போலீஸ் அங்கே கால் வைக்க முடியாது. பாரதியாரும் மற்றவர்களும் அங்கேதான் அடைக்கலம் புகுந்திருந்தார்கள்.

1910 கடைசியில் அங்கே வந்து சேர்ந்தார் வ. வே. சு. ஐயர். திருச்சி வரகனேரியில் பிறந்தவர். பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் போய், சாவர்க்கரோடு சேர்ந்து புரட்சிக்காரர் ஆனவர். அந்தக் கூட்டத்து இளைஞர்கள் லண்டனில் காசு கொடுத்துச் சுடும் கூடத்தில் குறி பார்த்துப் பழகினார்கள். 1909-ல் கர்சன் வைலி என்ற அதிகாரியைச் சுட்ட மதன்லால் திங்ரா அப்படிப் பழகியவர்தான். போலீஸ் தேடியபோது ஐயர் மாறுவேடம் பூண்டு, பல தேசம் சுற்றிப் புதுச்சேரி வந்தார். ஒரு பக்கம் கம்பராமாயணம், இன்னொரு பக்கம் கைத்துப்பாக்கி. அப்படி ஒரு மனிதர்.

1911 தொடக்கத்தில் வாஞ்சி வனத்துறையில் லீவு போட்டார். புதுச்சேரிக்குப் போனார். ஊருக்கு வெளியே கரடிகுப்பத்துத் தோப்பில் ஐயர் அவருக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார்.

முள்ளும் பிளவும்

குறி பார்ப்பது என்றால் என்ன? துப்பாக்கியையே பார்த்திராதவர்களும் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம்.

கைத்துப்பாக்கியின் குழல் நுனியில், மேலே, ஒரு சிறு முள் நிற்கும். பின்பக்கத்தில், சுடுபவன் கண்ணுக்கு அருகே, ஒரு சிறு பிளவு இருக்கும். பிளவின் நடுவே முள் தெரிய வேண்டும். முள்ளின் தலையும் பிளவின் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தட்டான் தராசில் முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது போலத்தான். கண், பிளவு, முள், இலக்கு நான்கும் ஒரே கோட்டில் வந்தால் குறி சரி.

கைத்துப்பாக்கியில் வம்பு என்னவென்றால், அது குட்டையானது. முள்ளுக்கும் பிளவுக்கும் நடுவே சுமார் 10 சென்டிமீட்டர் இருக்கும். அப்படிப்பட்ட துப்பாக்கியில் முள் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கித் தெரிந்தாலும், 10 மீட்டர் தூரத்தில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகிப் போய்விடும். நீளத் துப்பாக்கி இவ்வளவு தண்டிக்காது. அதனால்தான் கைத்துப்பாக்கிக்கு இத்தனை பழக்கம் வேண்டியிருக்கிறது.

கை சரியாக இருந்து, கருவியே கோணலாக இருந்தால்? பழைய துப்பாக்கிகளில் இது சகஜம். கீழே விழுந்து பிளவு ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். உறையில் உரசி உரசி முள் தேய்ந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மணல் மூட்டையின்மேல் கையைத் தாங்க வைத்து, ஒரு காகிதத்தின் நடுப்புள்ளியைக் குறி வைத்துச் சில குண்டுகள் சுடுவார்கள். ஓட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் கையின் குற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாம் நெருக்கமாக ஒரே இடத்தில் விழுந்து, அந்த இடம் மட்டும் புள்ளியை விட்டு விலகியிருந்தால் முள்ளையும் பிளவையும் சந்தேகிக்க வேண்டும்.

குண்டு வலப்பக்கம் போகிறதா? பின்னால் உள்ள பிளவை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். பிளவு எந்தப் பக்கம் போகிறதோ, குண்டும் அந்தப் பக்கமே போகும். முன்முள்ளுக்குக் கணக்கு தலைகீழ். பித்தளைக் கம்பியை வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுவார்கள். இரும்பை வைத்துத் தட்டினால் வடுப்படும். மயிரிழை அளவு நகர்ந்தால் போதும். மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். குண்டு தாழப் போனால் முன்முள்ளை அரத்தால் லேசாக ராவ வேண்டும். மேலே போனால்தான் கஷ்டம். ராவியதை ஒட்ட வைக்க முடியாது. உயரமான வேறு முள் செய்து பொருத்த வேண்டும். ஆகவே கை தேர்ந்தவன் அரத்தைக் கடைசியில்தான் தொடுவான். இன்று அந்தக் காலத்துத் துப்பாக்கிகளைச் சேர்த்து வைப்பவர்கள் அரத்தையே தொடவிட மாட்டார்கள். முள்ளை ராவினால் பழம்பொருளின் மதிப்புப் போய்விடும். கோணலை அப்படியே விட்டுவிட்டு, அந்த அளவுக்குத் தள்ளிக் குறி வைப்பார்கள்.

வாஞ்சியின் கைக்கு வந்தது பழைய துப்பாக்கி அல்ல. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் என்ற தானியங்கிக் கைத்துப்பாக்கி. அன்றைக்கு அது புதுமை. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வகுத்த அமைப்பு. லியேழ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை அதைச் செய்து உலகமெங்கும் விற்றது. சட்டைக்குள் மறைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கையால் குண்டு போட வேண்டாம். 1909-ல் ஹார்பின் ரெயில் நிலையத்தில் ஜப்பானியப் பெருந்தலைவர் இட்டோவைக் கொரிய இளைஞர் ஒருவர் சுட்டது பிரௌனிங்கால்தான். 1914-ல் சரயேவோ நகரத்தில் ஆஸ்திரிய இளவரசரைச் சாய்த்து உலக யுத்தத்துக்கு வழி வைத்ததும் அதே தொழிற்சாலையின் சரக்குத்தான்.

தோப்பில் காகிதத்தைச் சுடுவதற்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதனைச் சுடுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இரண்டடி, மூன்றடி தூரத்தில் முள்ளும் வேண்டாம், பிளவும் வேண்டாம். அங்கே நடுங்காத கைதான் வேண்டும். புதுச்சேரியில் வாஞ்சி கற்றுக்கொண்டது முக்கியமாக அதுவாகத்தான் இருக்கும்.

மணியாச்சியில்

ஜூன் 17-ந் தேதி காலை ஆஷ் துரையும் மனைவி மேரியும் திருநெல்வேலியில் ரெயில் ஏறினார்கள். கொடைக்கானலில் அவர்களுடைய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பிரயாணம். மணியாச்சியில் வண்டி நின்றது. தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். முதல் வகுப்புப் பெட்டியில் புருஷனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

மணி சுமார் பத்தே முக்கால். இரண்டு பேர் பெட்டியை நோக்கி வந்தார்கள். ஒருவர் வாஞ்சி. மற்றவர் ஒட்டப்பிடாரம் மாடசாமி என்று பிறகு போலீஸ் சொன்னது. வாஞ்சி பெட்டியில் ஏறினார். பிரௌனிங்கை எடுத்தார். குண்டு கலெக்டரின் மார்பில் பாய்ந்தது. மனைவியின் கண்ணெதிரே அவர் சாய்ந்தார். வண்டியைத் திருநெல்வேலிக்கே திருப்பினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. துரைக்கு வயது 38.

வாஞ்சி பிளாட்பாரத்தில் ஓடினார். ஆட்கள் துரத்தினார்கள். ஓடியவர் பிளாட்பாரத்துக் கக்கூசுக்குள் புகுந்தார். துப்பாக்கியின் வாயைத் தன் வாய்க்குள் வைத்துச் சுட்டுக்கொண்டார். மாடசாமி எப்படியோ தப்பினார். அவரைப் போலீஸ் கடைசிவரை பிடிக்கவே இல்லை.

இன்னும் ஐந்து நாளில், ஜூன் 22-ந் தேதி, லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா. வாஞ்சியின் பையில் இருந்த கடிதம் அந்த மன்னரைக் கொல்ல 3000 பேர் சபதம் எடுத்திருப்பதாகச் சொன்னது. அந்த 3000 பேர் எங்கும் இல்லை. தேடிப் பார்த்ததில் போலீசுக்கு அகப்பட்டது சிறு கூட்டம்தான்.

அந்தக் கடிதத்தில் மதத்தின் பேரால் எழுதிய சில சொற்களும், பஞ்சமர் என்று இழித்துச் சொன்ன சொல்லும் இருக்கின்றன. அதைப் படித்து மனம் நொந்தவர்கள் உண்டு. அவர்களுடைய வருத்தம் நியாயமானது. அதை மறைத்துவிட்டு வாஞ்சியின் கதையைச் சொல்வது சரியல்ல. குற்றால அருவியில் எல்லா ஜாதியாரும் குளிக்க ஆஷ் துரை வழி செய்ததால்தான் கொலை நடந்தது என்றும் பிற்காலத்தில் ஒரு பேச்சு எழுந்தது. கடிதத்தில் குற்றாலத்தைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பின்னே நின்றவர்கள்

செங்கோட்டையிலும் தென்காசியிலும் வீடு வீடாகச் சோதனை நடந்தது. சாரல் மாதம் முழுக்கப் போலீஸ் நடமாட்டம். தர்மராஜ ஐயர் என்பவர் விஷம் குடித்து மாண்டார். செங்கோட்டை வெங்கடேசுவர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டு உயிர்விட்டார். 14 பேர்மீது சென்னை ஐகோர்ட்டில் சதி வழக்கு நடந்தது. பின்னாளில் சென்னை ராஜ்யத்துக்கு முதல் மந்திரியான பிரகாசம், எதிரிகளுக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர். 1912 பிப்ரவரியில் தீர்ப்பு. 9 பேருக்குத் தண்டனை. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு. சங்கர கிருஷ்ணனுக்கு 4 ஆண்டு.

நீலகண்டர் பிறகு சாமியாராகி, மைசூர்ச் சீமையில் நந்தி மலைப்பக்கம் ஓம்காரர் என்ற பெயரோடு இருந்து 1978-ல் காலமானார். ரத்த அடையாளம் வாங்கிய கை அங்கே ஜபமாலை உருட்டியது.

யாருக்காக வாஞ்சி சுட்டார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்களோ, அந்தச் சிதம்பரம் பிள்ளை அப்போது கண்ணூர்ச் சிறையில் இருந்தார். 1912 கடைசியில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது வாசலில் பெருங்கூட்டம் இல்லை. கொலைக்குப்பின் போலீஸ் கெடுபிடி அப்படி. ஜில்லாவில் அரசியல் பேசவே ஆட்கள் பயந்தார்கள்.

மேரி ஆஷ் பிள்ளைகளோடு அயர்லாந்துக்குப் போனார். பொன்னம்மாள் செங்கோட்டையில் இளம் விதவையானார். அந்தக் காலத்து அக்கிரகாரத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்பதைப் பாட்டிமார்களிடம் கேட்டால் சொல்வார்கள். இந்த இரண்டு பெண்களின் பெயரும் மேடைப் பேச்சுகளில் அதிகம் வருவதில்லை.

சுடக் கற்றுக்கொடுத்த ஐயரும் மாறிப்போனார். புதுச்சேரியில் இருந்தபடியே திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். குளத்தங்கரை அரசமரம் என்ற சிறுகதையை எழுதினார். காந்தியடிகளின் வழியே சரி என்ற முடிவுக்கு வந்தார். ஊர் திரும்பி, சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததால் நாடே கொதித்தது. 1925 ஜூனில், பாபநாசம் மலையில் கல்யாண தீர்த்தத்துக்குப் போனார்கள். மகள் சுபத்திரை தண்ணீரில் தவறி விழுந்தாள். காப்பாற்றப் பாய்ந்த தகப்பனாரையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. குற்றாலத்துக்குத் தெற்கே, அதே மலைத்தொடரில், அதே சாரல் மாதத்தில் அது நடந்தது.

ஆஷ் துரை பாளையங்கோட்டை ஆங்கிலேயர் கல்லறையில் புதைக்கப்பட்டார். அவர் நினைவாகக் கட்டிய மண்டபம் தூத்துக்குடியில் நிற்கிறது. வாஞ்சிக்குச் செங்கோட்டையில் சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்றைப் பார்க்க ரெயிலில் போகிறவர்கள், செங்கோட்டையில் ஏறி, தென்காசி தாண்டி, திருநெல்வேலி வழியாகத் தூத்துக்குடிக்குப் போவார்கள். நடுவே ஒரு சந்திப்பில் வண்டி பாதை பிரியும். 1988-லிருந்து அந்த நிலையத்தின் பலகையில் வாஞ்சி மணியாச்சி என்று எழுதியிருக்கிறது.